இருட்டுக் கப்பலில் முளைத்த கடுகு!

1820-ம் ஆண்டு பிறந்தது. ஆனால் பொழுது விடியவில்லை!

வட துருவத்தை ஒட்டிய கடலில், பனிக்கட்டிக்கு நடுவே இரண்டு கப்பல்கள் நின்றன. நின்றன என்று சொல்வதைவிட, சிறைப்பட்டுக் கிடந்தன என்று சொல்வதே சரி. அவற்றைச் சுற்றித் தண்ணீர் இல்லை. கடலே கல்லாகிக் கிடந்தது. கப்பலில் இருந்தவர்கள் சூரியனைப் பார்த்து ஏழு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் பார்க்கவும் முடியாது.

அந்த இருட்டில் ஒரு மனிதருக்குக் கொடிய வியாதி வந்தது. டாக்டர் மருந்து கொடுத்தார். கப்பல் தலைவரோ, தம் அறைக்குள்ளேயே பயிர் வைத்தார்!

என்ன பயிர் தெரியுமா? நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருக்கிறதே, கடுகு. அந்தக் கடுகின் இளங்கீரை!

புது வழி தேடி...

ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்கு வருவதற்குப் பழைய காலத்தில் ஆப்பிரிக்காவைச் சுற்ற வேண்டும். அல்லது தென் அமெரிக்காவைச் சுற்ற வேண்டும். இரண்டுமே நீண்ட பயணம். ஆகவே, வட அமெரிக்காவின் தலைப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு பசிபிக் கடலுக்குப் போக வழி உண்டா என்று ஆங்கிலேயர் தேடினார்கள். அந்த வழியில் மேற்கே 110 டிகிரி தீர்க்க ரேகையைத் தாண்டுகிறவர்களுக்கு 5,000 பவுன் பரிசு என்று அரசாங்கம் அறிவித்திருந்தது.

1819-ம் ஆண்டு மே மாதம் இரண்டு கப்பல்கள் லண்டன் தேம்ஸ் நதியிலிருந்து புறப்பட்டன. ஒன்றின் பெயர் ஹெக்லா. மற்றொன்றின் பெயர் கிரைப்பர். இரண்டிலும் சேர்த்து 94 பேர். தலைவர் வில்லியம் எட்வர்டு பாரி. அப்போது அவருக்கு வயது 28.

செப்டம்பர் 4-ந் தேதி கப்பல்கள் 110 டிகிரியைத் தாண்டின. பரிசு நிச்சயம் ஆயிற்று. ஆனால் கொஞ்ச நாளிலேயே கடல் உறையத் தொடங்கியது. மேலே போகவும் முடியாது. ஊருக்குத் திரும்பவும் முடியாது. மெல்வில் தீவின் ஓரத்தில் ஒரு குடாவுக்குள் ஒதுங்க நினைத்தார் பாரி. அதற்குள்ளும் பனிக்கட்டி மூடிவிட்டது!

மாலுமிகள் ரம்பத்தை எடுத்தார்கள். மரத்தை அறுப்பதுபோலக் கடலை அறுத்தார்கள். மூன்று நாள் பாடுபட்டு, சுமார் 3¾ கிலோ மீட்டர் நீளத்துக்குக் கால்வாய் வெட்டி, கப்பல்களை உள்ளே இழுத்துக் கட்டினார்கள். அந்த இடத்துக்குக் "குளிர்காலத் துறைமுகம்" என்று பெயர் வைத்தார்கள். இன்று அது கனடா நாட்டில் இருக்கிறது.

நவம்பர் 11-ந் தேதி சூரியன் கடைசியாகத் தலை காட்டியது. அப்புறம் 84 நாள் வரவே இல்லை.

நாடகமும் பத்திரிகையும்

வேலை இல்லாமல், வெளிச்சமும் இல்லாமல் 94 ஆண்கள் அடைந்து கிடந்தால் என்ன ஆகும்? சண்டை வரும், சோர்வு வரும், பைத்தியமே பிடிக்கும். இது பாரிக்கு நன்றாகத் தெரியும்.

கப்பலின் மேல்தளத்துக்குத் துணியால் கூரை போட்டார். அதற்குள் எல்லாரும் வட்டமாக ஓட வேண்டும். கைப்பிடியைச் சுற்றினால் பாட்டு வருகிற ஒரு வாத்தியப் பெட்டி இருந்தது. அந்தப் பாட்டுக்கு ஏற்ப ஓட்டம்!

இரண்டு வாரத்துக்கு ஒரு நாடகம் போட்டார்கள். அதிகாரிகளே நடிகர்கள். பெண் வேடமும் அவர்களே! மேடையிலேயே தண்ணீர் உறைகிற குளிர். மெல்லிய பெண் உடையோடு நடுங்கிக்கொண்டே நடித்தார்கள். வாரம் ஒரு கையெழுத்துப் பத்திரிகையும் நடந்தது. 21 இதழ்கள் வெளிவந்தன. ஊர் திரும்பிய பிறகு அவற்றை லண்டனில் அச்சுப் போட்டுப் புத்தகமாகவும் வெளியிட்டார்கள்.

டிசம்பர் 23-ந் தேதி, கிறிஸ்துமசுக்கு இரண்டு நாள் முன்பு, கப்பலிலேயே எழுதிய ஒரு பாட்டு நாடகம் நடந்தது. கதை என்ன? அவர்களுடைய கப்பல்கள் புது வழியைக் கண்டுபிடித்து, பயணத்தை வெற்றியோடு முடிப்பதுதான் கதை! புது ஆண்டில் என்ன நடக்க வேண்டும் என்று அவர்கள் ஆசைப்பட்டார்களோ, அதை முன்கூட்டியே நடித்துப் பார்த்துவிட்டார்கள். மாலுமிகள் கை தட்டி ஆரவாரம் செய்தார்கள்.

அந்த ஆசைக்குத்தான் ஜனவரி தொடக்கத்தில் ஆபத்து வந்தது.

ஈறு காட்டிக் கொடுத்தது

ஹெக்லாவின் பீரங்கி அதிகாரி ஸ்கேலன் என்பவர், கால் வலிக்கிறது என்றார். வாதம் என்றுதான் முதலில் அவர் நினைத்தார். டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். பல் ஈறு உண்மையைச் சொல்லிவிட்டது. அது ஸ்கர்வி!

ஸ்கர்வி என்றால் அந்தக் காலத்து மாலுமிகள் நடுங்குவார்கள். புயலைவிட அதற்கு அதிகம் பயந்தார்கள். முதலில் அசதி வரும். காலில் வலி வரும். பிறகு ஈறு வீங்கி ரத்தம் கசியும், பல் ஆடும். என்றோ ஆறிப்போன பழைய புண்கூட மறுபடியும் திறந்துகொள்ளும். கவனிக்காமல் விட்டால் சாவுதான். வாஸ்கோ ட காமா 1498-ல் கோழிக்கோட்டுக்கு வந்து திரும்பினார் அல்லவா? அந்தப் பயணத்தில் அவருடைய ஆட்கள் பலரைக் கொண்டுபோனது இந்த வியாதியே.

பச்சைக் காய்கறியும் பழமும் இல்லாமல், உப்புக் கண்டமும் காய்ந்த ரொட்டியும் தின்று மாதக் கணக்கில் கடலில் கிடந்தால் ஸ்கர்வி வரும். இதை 1747-ம் ஆண்டில் ஜேம்ஸ் லிண்டு என்ற கப்பல் டாக்டர் சோதித்துப் பார்த்தார். நோயாளிகளைப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொரு மருந்து கொடுத்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவரும் சீக்கிரம் எழுந்து நின்றார்கள். ஆனாலும் பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றைக் கட்டாயம் ஆக்கியது 1795-ல்தான். நல்ல செய்தி மேலிடத்துக்கு எட்ட 48 ஆண்டுகள்!

பாரியின் கப்பலிலும் எலுமிச்சைச் சாறு இருந்தது. தினமும் சர்க்கரை கலந்து ஊற்றுவார்கள். அதிகாரியின் கண் முன்னாலேயே குடிக்க வேண்டும். ஏமாற்ற முடியாது. ஆனால் குளிர் சும்மா இருக்குமா? சாறு உறைந்து கட்டியாயிற்று. புட்டிகள் பல வெடித்து உடைந்தன. இருக்கிற மருந்தே இப்படி வீணாகிறது. கோடை வர இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. ஒருவருக்கு வந்த வியாதி பத்துப் பேருக்கு வந்தால்?

அடுப்புக் குழாய் ஓரம்

பாரி சின்னச் சின்னப் பெட்டிகளை எடுத்தார். ஆழம் இல்லாத, தட்டையான பெட்டிகள். அவற்றில் மண்ணை நிரப்பினார். கடுகு விதையையும், கடுகைப்போலவே காரமான கிரெஸ் என்ற கீரையின் விதையையும் தூவினார். தம் அறையில் ஓடும் அடுப்பின் புகைக் குழாய் ஓரமாகப் பெட்டிகளை வரிசையாக வைத்தார்.

வெளியே இருந்த குளிரை நாம் நினைத்துப் பார்ப்பதே கஷ்டம். பிப்ரவரியில் அது செல்சியஸ் கணக்கில் பூஜ்யத்துக்குக் கீழே 48 டிகிரி வரை இறங்கியது. நிலக்கரியைச் சிக்கனமாகச் செலவு செய்ய வேண்டும். ஆகவே இரவில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். சூரியன் இல்லை. இரவில் சூடும் இல்லை. ஆனாலும் விதை முளைத்தது!

ஆறு அல்லது ஏழு நாளில் கீரை அறுவடைக்கு வந்தது. ஒரு பெட்டி தீருவதற்குள் அடுத்த பெட்டி தயாராக இருக்கும்படி முறை வைத்து விதைத்தார் பாரி. இரண்டு மூன்று நோயாளிகளுக்கு, ஆளுக்குத் தினம் ஒரு அவுன்சு கீரை கிடைத்தது. ஒரு அவுன்சு என்றால் சுமார் 28 கிராம். நம் கையில் ஒரு பிடி, அவ்வளவுதான்.

கீரை பச்சையாக இல்லை. வெளிச்சம் படாததால் வெளுத்துப் போயிருந்தது. இருட்டில் மூடி வைத்த பயறு முளைப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த நிறம் தெரியும். ஆனால் தின்று பார்த்தால் அதே காரம், அதே மணம்!

ஒன்பதாம் நாள் மாலை ஸ்கேலன் எழுந்து கப்பலின் கீழ்த்தளத்தில் நடமாடினார். ஓட்டப் பந்தயம் வைத்தாலும் ஓடுவேன் என்று பாரியிடமே சொன்னார்.

கடுகுக் கீரை ஒன்றே அவரைக் காப்பாற்றியது என்று சொன்னால் அது மிகை. எலுமிச்சைச் சாறு, காய்கறி சூப்பு, ஊறுகாய், பதப்படுத்திய பழங்கள் எல்லாமே கொடுத்தார்கள். ஈரமான படுக்கைதான் நோயைக் கிளப்பியது என்று டாக்டர் கருதினார். ஆனால் மற்றவை எல்லாம் ஊரிலிருந்து கொண்டுவந்தவை. எடுக்க எடுக்கக் குறைபவை. கீரை மட்டும்தான் அந்த இடத்திலேயே உண்டானது. விதை இருக்கும் வரை அது தீராது. பாரியின் கெட்டிக்காரத்தனம் இதில்தான் இருக்கிறது.

விதைக்குள் இல்லாதது முளையில் எப்படி?

பாரிக்குக் கீரை குணப்படுத்தும் என்று தெரியும். ஏன் குணப்படுத்துகிறது என்று தெரியாது. அந்தக் காலத்தில் உலகத்தில் யாருக்குமே தெரியாது. வைட்டமின் சி என்ற சத்தைப் பிரித்து எடுத்தவர் ஹங்கேரி நாட்டு விஞ்ஞானி ஆல்பர்ட் சென்ட் ஜியார்ஜி. 1928-ல் பிரித்து எடுத்தார். ஆனால் அதுதான் ஸ்கர்வியைத் தடுக்கும் பொருள் என்பது 1932-ல்தான் உறுதி ஆயிற்று. 1937-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

காய்ந்த கடுகில் இந்தச் சத்து கிட்டத்தட்ட இல்லை. காய்ந்த பயறிலும் இல்லை. ஆனால் தண்ணீர் பட்டு முளை விட்டதும், விதையே அதைத் தயார் செய்துகொள்கிறது. வளரும் செடிக்கு அது தேவை. அதை நாம் பங்கு போட்டுக்கொள்கிறோம்.

எவ்வளவு தேவை? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தில் ஷெபீல்டு நகரில் ஒரு சோதனை நடந்தது. போருக்குப் போக மறுத்தவர்கள் சிலர் தாங்களாகவே முன்வந்து, வைட்டமின் சி இல்லாத சாப்பாட்டை மாதக்கணக்கில் சாப்பிட்டார்கள். அவர்களுக்கு ஸ்கர்வி வந்தது. தினம் 10 மில்லிகிராம் கொடுத்ததும் குணமானது. வெளிச்சத்தில் வளர்ந்த 100 கிராம் கிரெஸ் கீரையில் சுமார் 70 மில்லிகிராம் இருக்கிறது. அப்படியானால் ஒரு அவுன்சில் ஏறக்குறைய 20. இருட்டில் வளர்ந்தது அதைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்திருக்கலாம். அப்படியும் பாரியின் ஒரு பிடிக் கீரை சாதாரண மருந்து அல்ல!

இந்த உண்மை நம் நாட்டுச் சிப்பாய்களுக்கும் சம்பந்தப்பட்டது. முதல் உலகப் போரில், இராக்கில் டைகிரிஸ் நதிக்கரையில் உள்ள கூட் நகரில் பிரிட்டிஷ் இந்தியப் படையைத் துருக்கியர் முற்றுகை இட்டார்கள். 1915 டிசம்பரில் தொடங்கிய முற்றுகை, 1916 ஏப்ரல் 29-ல் படை சரண் அடைந்ததும் முடிந்தது. உள்ளே சாப்பாடு குறைந்தது. குதிரைகளை வெட்டித் தின்னும் நிலை வந்தது. நம் சிப்பாய்கள் பலர் நெடுநாள் வரை அதைத் தொடவில்லை. அவர்களைத்தான் ஸ்கர்வி அதிகம் பிடித்தது.

மறு ஆண்டு லண்டன் லிஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் ஹாரியட் சிக் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய தோழியரும் ஒரு வழி சொன்னார்கள். காய்ந்த பயறையும் பட்டாணியையும் ஊற வைத்து, முளை கட்டிக் கொடுத்தால் போதும். பழம் கிடைக்காத இடத்தில் அதுவே ஸ்கர்விக்கு மருந்து என்றார்கள். நம் வீட்டில் பாட்டி சுண்டலுக்கு முளை கட்டுகிற அதே முறை! விஞ்ஞானிகள் எலிகளை விட்டு, ஸ்கர்வி பிடிக்கும் சீமைப் பெருச்சாளிகளை வைத்துச் சோதித்தே அதை நிரூபித்தார்கள்.

திட்டம் என்ன ஆயிற்று?

1820 பிப்ரவரி 3-ந் தேதி ஹெக்லாவின் பாய்மர உச்சியில் ஏறிய ஒருவர் சூரியனைக் கண்டார். ஆனாலும் ஆகஸ்டு 1-ந் தேதிதான் பனிக்கட்டி வழி விட்டது. கப்பல்கள் மேற்கே நகர்ந்தன. கொஞ்ச தூரம்தான். எதிரே பிரம்மாண்டமான பனிச்சுவர்! அதை அறுக்க எந்த ரம்பமும் போதாது. பாரி திரும்பிவிட்டார்.

மேடையில் ஆடிய வெற்றி கடலில் கிடைக்கவில்லை. அந்த வழியாக ஒரே கப்பலில் முழுதும் முதன்முதலில் கடந்தவர் நார்வேக்காரர் அமுண்ட்சென். அது 1903 முதல் 1906 வரை நடந்த பயணம்.

ஆனால் பாரியின் கணக்கில் வேறொரு வரி இருக்கிறது. மெல்வில் தீவில் அவ்வளவு நாள் சிறைப்பட்டும், 94 பேரில் இறந்தவர் ஒரே ஒருவர். கோடை வந்ததும் பாரி இன்னொரு காரியம் செய்தார். தீவில் தானாக முளைத்த புளிப்புக் கீரையைப் பறித்து வரச் சொல்லி, எல்லாரையும் தின்ன வைத்தார். 1845-ல் அதே வழியைத் தேடிப் போன பிராங்க்ளின் குழுவில் 129 பேர். பசி, குளிர், நோய் என்று பல காரணங்களால் ஒருவர்கூடத் திரும்பவில்லை.

இன்றைய ஜன்னல் தோட்டம்

இங்கிலாந்தில் இன்றும் குழந்தைகள் கிரெஸ் வளர்க்கிறார்கள். முட்டை ஓட்டுக்குள் ஈரப் பஞ்சை வைத்து விதையைத் தூவுவார்கள். ஓட்டில் கண், மூக்கு, வாய் வரைந்திருக்கும். கீரை முளைத்ததும் தலைமயிர் போல நிற்கும். குழந்தைக்குக் குதூகலம்! அப்புறம் அந்தத் தலைக்கு முடி வெட்டி, ரொட்டியில் வைத்துச் சாப்பிட்டுவிடுவார்கள்.

குளிர் நாடுகளில் ஜனவரி மாதம் திட்டம் போடும் மாதம். வெளியே தோட்டம் பனியில் உறங்கும். உள்ளே குடும்பத்தார் விதைப் பட்டியலைப் புரட்டுவார்கள். சிகரெட்டை விடுவது, உடம்பை இளைக்க வைப்பது, கடனை அடைப்பது ஆகியவற்றோடு, "இந்த ஆண்டு சமையல் பூண்டு எல்லாம் வீட்டிலேயே வளர்ப்போம்" என்பதும் தீர்மானத்தில் சேரும். கடைக்குப் போய்ப் பத்துத் தொட்டி வாங்கி வருவார்கள். பிப்ரவரியில் பத்தும் வாடி நிற்கும்!

ஏன் வாடுகிறது? குளிரால் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் முதல் குறை வெளிச்சம். டிசம்பர் கடைசியில் லண்டனில் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. சென்னையில் அதே நாளில் பதினோரு மணி நேரத்துக்கு மேல். அந்த எட்டு மணி நேரமும் மேகம் மூடிய மங்கல். வெளிச்சம் இல்லாத செடி தண்ணீர் குடிக்காது. பாவம் என்று மேலும் மேலும் தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகிவிடும். குளிர்காலத்தில் வீட்டுச் செடிகள் தாகத்தால் சாவதைவிட, பாசத்தால் சாவதே அதிகம்!

ஒவ்வொரு செடிக்கும் ஒரு குணம் உண்டு. புதினா குளிர்காலத்தில் கொஞ்சம் ஓய்வு கேட்கும். பார்ஸ்லி என்ற கீரை முளைக்கவே மூன்று வாரம் ஆகும். அந்த விதை ஒன்பது முறை பிசாசிடம் போய்வந்துதான் முளைக்கும் என்று ஆங்கிலேயர் வேடிக்கையாகச் சொல்வார்கள். பேசில் என்று அவர்கள் கொண்டாடுவது நம் திருநீற்றுப் பச்சிலைதான். வெயிலில் பிறந்த செடி. குளிர்ந்த கண்ணாடியில் இலை பட்டாலே கறுத்துவிடும். அதை ஜனவரியில் விதைப்பது காசைக் கரியாக்குவது. விளக்கு வைத்துத் தினம் 12 முதல் 14 மணி நேரம் வெளிச்சம் கொடுப்பவர்களுக்கு மட்டுமே அது சரிப்படும்.

கனடாவில் குடியேறிய தமிழர்கள் தொட்டியில் கறிவேப்பிலை வளர்க்கிறார்கள். பனி விழுவதற்கு முன்பே தொட்டி வீட்டுக்குள் வந்துவிடும். உள்ளே வந்ததும் இலை உதிரும். உடனே செத்துவிட்டது என்று பதற வேண்டியதில்லை. தண்ணீரைக் குறைத்து, உரத்தை நிறுத்தி, வெளிச்சம் வருகிற ஜன்னல் ஓரம் விட்டால் வசந்தத்தில் துளிர்க்கும்.

ஆகவே ஜனவரியில் தொடங்குகிறவர்களுக்கு ஏற்றது பாரியின் பெட்டிதான். விதைக்குள்ளேயே ஒரு வாரத்துக்கான சாப்பாடு இருக்கிறது. ஆகவே வெளிச்சம் குறைந்தாலும் அது கவலைப்படாது.

விதைப்பது எப்படி?

மாடிக் குடியிருப்பில் ஒரே ஒரு ஜன்னல் உள்ளவர்களும் இதைச் செய்யலாம்.

இரண்டு விரல் ஆழமுள்ள தட்டு ஒன்று போதும். அடியில் துளை இருக்கட்டும். நல்ல மண்ணை அரைவாசி நிரப்பி, தண்ணீர் தெளித்து, விதையை நெருக்கமாகத் தூவ வேண்டும். மேலே மண் போட வேண்டியதில்லை. உள்ளங்கையால் லேசாக அழுத்தினால் போதும். மேலே ஒரு காகிதத்தை மூடி இரண்டு நாள் வைக்க வேண்டும். முளை எட்டிப் பார்த்ததும் காகிதத்தை எடுத்து, தட்டை ஜன்னல் பக்கம் வைக்கலாம். இரண்டு இலை விரிந்து, இரண்டு அங்குலம் வளர்ந்ததும் கத்தரிக்கோலால் மண்ணுக்கு மேலே வெட்ட வேண்டும். குளிர் நாட்டில் இதற்கு ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். நம் ஊரில் ஒரு வாரமே அதிகம்.

கடுகும் கிரெசும் ஒரே நாளில் வேண்டும் என்றால், கிரெசை மூன்று நாள் முன்னால் விதைக்க வேண்டும். அது கொஞ்சம் சோம்பேறி. ஆங்கிலேயர் கீரைக்கு விதைப்பது வெண்கடுகு. நம் தாளிப்புக் கடுகும் நன்றாகவே முளைக்கும். காரம் சற்றுத் தூக்கல். வெந்தயமும் இந்த முறையில் வரும்.

தொடர்ந்து கீரை வேண்டும் என்றால் ஒரு தட்டை வைத்துக்கொண்டு உட்காரக் கூடாது. நான்கு நாளுக்கு ஒரு தட்டு விதைக்க வேண்டும். பாரி நோயாளிகளுக்குக் குறைவின்றிக் கொடுத்தது இப்படித்தான்.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. வயலில் விதைப்பதற்காக விற்கும் விதையில் பூச்சி மருந்து தடவி இருக்கலாம். அதைக் கீரைக்குப் பயன்படுத்தவே கூடாது. சாப்பாட்டுக்கு விற்கும் விதையே வேண்டும். முளை வளரும் ஈரமும் சூடும் கிருமிக்கும் பிடிக்கும். 2011-ம் ஆண்டில் ஜெர்மனியில் முளை கட்டிய வெந்தயத்தின் வழியாக ஒரு கிருமி பரவி, 50-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆகவே தட்டையும் கையையும் சுத்தமாக வைக்க வேண்டும். பூஞ்சை பிடித்தாலோ, கெட்ட வாடை அடித்தாலோ அப்படியே கொட்டிவிட வேண்டும். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியோர், நோயாளிகள் ஆகியோருக்கு வேக வைத்தே கொடுப்பது நல்லது.

தென் துருவத்தில் வெள்ளரிக்காய்!

பாரியின் கப்பலுக்குப் பிறகு ஏறக்குறைய 200 ஆண்டுகள் கழித்து, உலகத்தின் மறு கோடியில் அதே வேலை நடந்தது.

தென் துருவக் கண்டமான அண்டார்டிகாவில் ஜெர்மனிக்கு ஒரு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பெயர் நியூமேயர். குளிர்காலம் வந்துவிட்டால் அங்கே விமானமும் வராது, கப்பலும் வராது. 2018-ம் ஆண்டில் அந்த நிலையத்திலிருந்து 400 மீட்டர் தூரத்தில், பெரிய இரும்புப் பெட்டி ஒன்றுக்குள் தோட்டம் போட்டார்கள். மண்ணே கிடையாது. செடியின் வேர் அந்தரத்தில் தொங்கும். சத்துக் கலந்த தண்ணீரைப் பனித்துளி போல வேரின்மேல் தெளிப்பார்கள். சூரியனுக்குப் பதிலாக மின்சார விளக்கு.

அந்த ஆண்டு ஏப்ரலில் முதல் அறுவடை. 3.6 கிலோ இலைக் கீரை, 18 வெள்ளரிக்காய், 70 முள்ளங்கி கிடைத்தன. அங்கே குளிர்காலத்தைக் கழித்தவர்கள் பத்துப் பேர். வெளியே காற்று வீச, அவர்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்து பச்சைக் கீரை சாப்பிட்டார்கள். விண்வெளிக்குப் போகிறவர்களுக்கும் இதே முறையில் சாப்பாடு விளைவிக்கலாமா என்று பார்ப்பதற்காகவே அந்தத் தோட்டத்தைப் போட்டார்கள்.